உள்வீட்டில் ஆறு மாதம் கிடந்த கறுப்பு ஸ்டவுட்

பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில், வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, மேற்கே ஓர் உள்வீடு. சன்னல் கிடையாது. சுவர் இரண்டடித் தடிமன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி, கண்ணாடிபோல் தேய்த்த பூச்சு. சித்திரை வெயிலில் காரைக்குடி போய்த் திரும்பி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் உடம்பு சிலிர்க்கும். ஊறுகாய்ச் சாடி, வற்றல் பானை, நல்லெண்ணெய்த் தகரம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இருக்கின்றன. கடந்த டிசம்பரில் நான் விடுமுறைக்கு வந்தபோது அத்தான் சொன்னார்: "இந்த அறையில் வைத்த பொருள் எதுவும் கெட்டதில்லை, தம்பி. உன் பாட்டில்களையும் அங்கேயே வை."

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவர அனுமதி 2 லிட்டர். 330 மில்லி பாட்டில் ஆறு வைத்தால் 1,980 மில்லி. ஆறும் ஒரே ஆலையில் ஒரே நாளில் அடைக்கப்பட்டவை. ஐரோப்பாவில் ஒரு சிறு பீர் ஆலை காய்ச்சிய இம்பீரியல் ஸ்டவுட், அதாவது வறுத்த தானியத்தில் காய்ச்சும் கடுமையான கறுப்பு பீர்; ஆல்கஹால் 10 சதவீதம்; வடிகட்டாதது; அடியில் மெல்லிய ஈஸ்ட் படிவு. ஆலையின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த பொருளுக்கு எங்கள் வீட்டில் நேர்ந்ததை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஸ்டவுட் பிரியர்களிடையே ஒரு நம்பிக்கை உறுதியாக இருக்கிறது. கறுப்பாக, கெட்டியாக, ஆல்கஹால் மிகுந்து இருக்கும் பீர் வைக்க வைக்க மெருகேறும் என்பது அது. பொய்யில்லை. ஆனால் அந்த நம்பிக்கை பிறந்த இடம் லண்டன். 18-ஆம் நூற்றாண்டில் சதர்க்கில் இருந்த த்ரேல் குடும்பத்து ஆலை ரஷ்ய அரசவைக்காகக் கடுமையான போர்ட்டர் என்ற கருநிற பீரைக் காய்ச்சி அனுப்பியது. 1781-இல் அந்த ஆலை கைமாறிப் பின்னர் பார்க்லே பெர்க்கின்ஸ் என்ற பெயரில் அதே வகையைத் தொடர்ந்தது. 'இம்பீரியல்' என்ற அடைமொழி அந்த வழியில் வந்தது. அந்த ஊர்களில் நிலவறை என்றால் 10 முதல் 13 டிகிரி. இங்கே நாம் குளிர்ச்சி என்று சொல்வது எத்தனை டிகிரி? யாரும் அளந்து பார்த்ததில்லை. அத்தானுக்கும் எனக்கும் அன்றைக்கு நடந்த பேச்சு அங்கேதான் வந்து நின்றது.

ஆகவே மூன்று பாட்டில் உள்வீட்டுக்கு, மூன்று பாட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு என்று பிரித்தோம். எல்லாவற்றையும் நிமிர்த்தியே வைத்தோம். உள்வீட்டில் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிவு செய்யும் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். ஞாயிறுதோறும் பார்த்து நோட்டில் எழுதும் பொறுப்பை ஆச்சி ஏற்றுக்கொண்டார். அக்காவை நாங்கள் ஆச்சி என்றுதான் அழைப்போம். ஆச்சி மது தொடுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் இருந்தது பின்னால் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

அந்த நோட்டு இப்போது என் முன்னே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் 25, 26. பிப்ரவரி முடிவில் 27. ஏப்ரல் முதல் வாரத்தில் 30. மே நடுவில், வெளியே 39 அடித்த நாளில், உள்வீட்டில் 31.5. அதே நாள் இரவு வெளியே 28-க்கு இறங்கியது. உள்வீட்டில் 31-க்குக் கீழே இறங்கவேயில்லை. இந்தக் கடைசி இரண்டு எண்களைப் பார்த்தபோதுதான் சுவரின் வேலை எனக்கு விளங்கியது. தடித்த சுவர் பகல் வெப்பத்தையும் இரவுக் குளிர்ச்சியையும் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டையும் மெதுவாகக் கொடுக்கிறது. அறைக்குள் கிடைப்பது அந்தப் பருவத்தின் சராசரி. சராசரியைவிடக் கீழே போக அதற்கு வழியில்லை. 39-இலிருந்து 31-க்குள் நுழைகிற மனிதனுக்கு அது பெருங்குளிர்ச்சி. பாட்டிலுக்கு அது ஆறு மாதக் கோடை.

பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஏறத்தாழ 32 டிகிரியில் மூன்று நாள், 22 டிகிரியில் முப்பது நாள், 3 டிகிரியில் முந்நூறு நாள்: மூன்றும் பீருக்கு ஒரே அளவு முதுமையைத் தரும். வெளிர்நிற பீர்களை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு இது. ஆல்கஹாலும், வறுத்த மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) வரும் கருநிறப் பொருள்களும் ஸ்டவுட்டுக்கு ஓரளவு கவசம். எவ்வளவு கவசம் என்பதைத்தான் நாக்கில் பார்க்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் மீண்டும் வந்தேன். சுவைப்பதற்கு நான்கு பேர்: நான், அத்தான், காரைக்குடியில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் அண்ணன் ஒருவர், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் மாஸ்டர். நால்வருமே நாற்பதைத் தாண்டியவர்கள். காபி அண்ணனையும் மாஸ்டரையும் தேடிப்பிடித்து அழைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் நாள் முழுவதும் வறுவலின் மணத்தில் நிற்பவர். இன்னொருவர் மசாலா கருகுவதற்கு ஒரு நொடி முன்பே மூக்கால் அறிபவர். ஸ்டவுட்டை மதிப்பிடத் தேவையான மூக்கு அது. பீர் அருந்திய அனுபவம் இரண்டாம்பட்சம்.

ஆனால் மூக்கு இருந்தால் மட்டும் போதாது. உணர்ந்ததைச் சொல்லச் சொல் வேண்டும், அந்தச் சொல் நால்வருக்கும் ஒரே பொருளைக் குறிக்க வேண்டும். மதிப்பீட்டுக் குறிப்புகளில் வரும் 'டாஃபி', 'ஷெர்ரி', 'கருப்புச் செர்ரி' ஆகியவற்றை மாஸ்டர் வாழ்நாளில் முகர்ந்ததில்லை. அவர் முகராத ஒன்றைச் சொல்லச் சொல்லி மதிப்பெண் வாங்கினால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? அதனால் வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் வாசனைக் கிண்ணங்கள் தயாரிப்பதில் கழிந்தது. இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பதினோரு பீங்கான் கிண்ணங்கள், ஒவ்வொன்றையும் மூட ஒரு தட்டு. சிக்கரி கலக்காத, கடும் வறுவல் காபிக்கொட்டை ஒன்றில். சிக்கரித் தூள் தனியாக ஒன்றில். இரண்டின் கசப்பும் வேறு என்பதைக் காபி அண்ணன் அழுத்தமாகச் சொன்னதால் சேர்த்தேன். கோக்கோத் தூள். கருப்பட்டி. வெந்நீரில் ஊறிய உலர் திராட்சையும் பேரீச்சையும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கித் தட்டிய அதிமதுரம். கருகவிட்ட ரொட்டி ஓரம். இவை ஏழும் நல்ல ஸ்டவுட்டில் வரக்கூடிய மணங்கள். மிச்சம் நான்கும் குறைகள். உருக்கிய வெண்ணெய்: நொதித்தல் சரியாக முடியாத பீரில் டைஅசெட்டைல் என்ற பொருள் இந்த மணத்தைத் தரும். காடி: புளித்துப்போனதன் அடையாளம். சோயா சாஸ்: முதுமையும் வெப்பமும் சேர்ந்தால் வருவது. கடைசியாக, ஒரு பழைய அட்டைப்பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி வெந்நீரில் நனைத்து மூடி வைத்தது. பீர் காற்றுப்பட்டுக் கிழடு தட்டும்போது டிரான்ஸ்-2-நோனனால் என்ற பொருள் உருவாகிறது. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்குக்கு அது எட்டிவிடும். எட்டும்போது நமக்குத் தோன்றுவது நனைந்த அட்டை.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் பதினோரு கிண்ணத்தையும் முகர்ந்து பெயர் சொன்னோம். மாஸ்டர் பதினொன்றும் சரி. அத்தான் சிக்கரியையும் கருகிய ரொட்டியையும் மாற்றிச் சொன்னார். நான் கருப்பட்டியையும் திராட்சை ஊறலையும் குழப்பினேன். இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் எல்லாம் சரியாக வந்தது. அதற்குப் பிறகு 'சோயா' என்று ஒருவர் எழுதினால் மற்ற மூவருக்கும் அது எந்தக் கிண்ணம் என்று தெரியும்.

கவுனி அரிசி வேகவைத்து ஒரு கிண்ணம் வைக்கலாமே என்று ஆச்சி கேட்டார். அழகான யோசனை. பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் இடம்பிடித்த கறுப்பு அது. ஆனால் கவுனியின் கருமை அரிசியின் மேல்தோலிலேயே உள்ள நிறம், ஆந்தோசயனின் என்பார்கள். ஸ்டவுட்டின் கருமை நெருப்பு கொடுத்தது. மணத்தில் இரண்டும் உறவில்லை. ஆகவே கவுனி ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் போனது.

கண்ணாடிக் குவளைகளுக்கு அலைந்தேன். வாய் சற்றுக் குறுகி, வயிறு பருத்து இருந்தால்தான் மணம் உள்ளே தங்கும். பன்னிரண்டும் ஒரே அளவாக வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இரண்டு மணி நேரம் தேடி, தூசி படிந்த பெட்டி ஒன்றில் பன்னிரண்டு சிறு பிராந்திக் கண்ணாடிகள் கண்டெடுத்தேன். சலவைச் சோடாவில் கழுவி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, துணி போடாமல் கவிழ்த்து உலர்த்தினேன். கண்ணாடி சுத்தமா என்று பார்க்க எளிய வழி, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கவிழ்ப்பது. நீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். திட்டுத்திட்டாக முத்துக் கட்டினால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, நுரை நிற்காது. இரண்டு கண்ணாடிகளை மறுபடி கழுவ வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. அடுப்பில் எதுவும் ஏற்றக்கூடாது, ஊதுபத்தி கூடாது, மல்லிகை கூடாது, சந்தனம் கூடாது என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். செட்டிநாட்டு வீட்டில் காலை பத்தரைக்கு மசாலா வாசனை இல்லாமல் இருப்பது எளிதா என்ன? ஆச்சி முதல் நாள் இரவே குழம்பு வைத்து முடித்துவிட்டார்.

செய்தது மூன்று குவளைச் சோதனை. ஒவ்வொருவர் முன்னும் மூன்று குவளை. இரண்டில் ஒரே பாட்டில், ஒன்றில் மற்றது. வேறுபட்ட குவளை எது என்று மட்டும் சொல்ல வேண்டும். எது ஃபிரிட்ஜ், எது உள்வீடு என்ற கேள்வியே இல்லை. இருவருக்கு ஃபிரிட்ஜ் இரண்டும் உள்வீடு ஒன்றும். மற்ற இருவருக்கு அதன் தலைகீழ். குவளைக்கு 40 மில்லி. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு வகையிலும் 240 மில்லி, அதாவது ஒரு பாட்டிலில் அடிப்படிவை விட்டுவிட்டு அடங்கும். இரண்டாம் கட்டில் யாரும் பார்க்காமல் ஆச்சி ஊற்றினார். மருந்து அளக்கும் கோப்பையால் ஒவ்வொன்றையும் அளந்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, குவளையின் அடியில் மூன்று இலக்க எண் ஒட்டி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். எந்த எண் எது என்ற சீட்டு அவருடைய சுருக்குப்பையில். நான் கேட்டாலும் தரமாட்டார் என்பது தெரிந்ததால் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஏமாறுவார்கள். உள்வீட்டுப் பாட்டிலையும் முதல் நாளே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே குளிரில் வராவிட்டால் நாக்கு வெப்பத்தைத்தான் கண்டுபிடிக்கும், சுவையை அல்ல. ஊற்றுவதற்கு முன் இரண்டு பாட்டிலும் 10 டிகிரியில் இருந்தன. வாயைக் கழுவத் தண்ணீரும், உப்பில்லாத அரிசிப் பொரியும். மிச்சத்தைக் கொட்ட வீட்டிலிருந்த பழைய பித்தளைப் படிக்கம். வெற்றிலைக்காக வாங்கிய பொருள் இப்படியும் உதவியது. ஒரு மடக்கை விழுங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு தொண்டை இறங்கிய பிறகுதான் முழுமையாகத் தெரியும். ஆனால் 10 சதவீத ஆல்கஹாலில் மூன்று குவளையையும் முடித்தால் மூன்றாவதைப் பற்றிச் சொல்வதை நம்ப முடியாது.

முதல் சுற்றில் மூவர் சரி. தவறியவர் அத்தான். காலையில் பழக்க தோஷத்தில் கிராம்பு வைத்து வெற்றிலை போட்டுவிட்டதை அப்போதுதான் சொன்னார். ஞாயிறு காலை இரண்டாம் சுற்றில் அத்தான் சரியாகச் சொன்னார். காபி அண்ணனும் மாஸ்டரும் மறுபடி சரி. இந்த முறை தவறியது நான். ஏன் என்று யோசித்தபோது காரணம் பிடிபட்டது. முதல் குவளையிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். வளவில் அப்போது 33 டிகிரி. பிறகு தனியாக ஒரு குவளையில் தண்ணீர் வைத்து அளந்து பார்த்தேன்: எட்டு நிமிடத்தில் 11-இலிருந்து 16-க்கு ஏறிவிட்டது. கடைசிக் குவளை சூடேறி இனிப்பாகத் தெரிந்ததை வேறு பாட்டில் என்று எண்ணிவிட்டேன். மூன்றையும் முதலில் வரிசையாக முகர்ந்து, பிறகு வரிசையாகச் சுவைத்து, பிறகுதான் நிற்க வேண்டும்.

எட்டில் ஆறு. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக வரும். ஆனால் எட்டில் ஆறோ அதற்கு மேலோ அப்படி வருவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான் உண்டு. இரண்டு பாட்டிலும் வேறுவேறாகிவிட்டன என்று அத்தானே ஒப்புக்கொண்டார். எப்படி வேறு என்பது அடுத்த கேள்வி. அதற்காக வைத்திருந்த கடைசி இரண்டு பாட்டிலையும், ஒரு மணி நேரம் ஓய்வெடுத்த பின், திறந்தோம்.

மதிப்பெண்ணுக்கு அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் திட்டத்தின் ஐம்பது புள்ளி முறையை எடுத்துக்கொண்டோம்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்த மதிப்பு 10. தோற்றத்துக்கு மூன்றே புள்ளி என்பது எனக்கு எப்போதும் நிறைவளிக்கும். கறுப்பைக் கண்டு மயங்குவதற்கு மூன்றுக்கு மேல் கூடாது. இந்த வகைக்கு அவர்கள் வகுத்துள்ள எல்லையும் கையில் இருந்தது: ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம், கசப்பு 50 முதல் 90 அலகு.

ஃபிரிட்ஜ் பாட்டில் முதலில். ஊற்றும்போது எண்ணெய்போல் ஓசையில்லாமல் இறங்கியது. நுரை பழுப்பு, காபி டிகாஷன் மேல் நிற்கும் நுரையைவிட ஒரு படி கறுப்பு, விரல் கனம். குவளையைக் கைவிளக்கின் முன்னே சாய்த்தபோது ஓரத்தில் மாதுளை முத்தின் சிவப்பு ஒரு கீற்று. 11 டிகிரியில் மூக்குக்கு எட்டியது காபியும் கோக்கோவும் மட்டும். பொறுத்திருந்தோம். 14 டிகிரியில் கருப்பட்டி வந்தது. 16-ஐத் தாண்டியதும் அதிமதுரமும் திராட்சையும். ஆல்கஹால் மூக்கைக் குத்தவில்லை. நெஞ்சில் மெல்லிய வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. இந்த வகையை ஐஸ்போல் குளிர்ந்த நிலையில் அருந்துகிறவர்கள் பாதியைக்கூடப் பெறுவதில்லை.

காபி அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இது கருக்கிய வறுவல் இல்லை. நிறத்துக்காக வறுத்து, சரியான நொடியில் கொட்டிக் குளிரவைத்திருக்கிறார்கள்" என்றார். 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட்டைக் கருக்காமல் கறுப்பாக்க உருளைக் கலத்தில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியதை அவரிடம் சொன்னேன். அதுவரை கனலில் உலர்த்தும்போது ஒரு பகுதி எரிந்துபோகும், நிறமும் ஒரே சீராக வராது. வீலரின் கலம் சுழன்றபடி 200 டிகிரிக்கு மேல் வறுத்தது. இன்றைய ஸ்டவுட்டின் கருமைக்கு அதுவே வேர். "காபிக் கலம்தானே அது" என்றார் அண்ணன். உண்மையில் வேறுபாடு அதிகமில்லை. காபியும் இல்லாமல் சாக்லேட்டும் இல்லாமல் வெறும் பார்லியிலிருந்து இந்த இரண்டு மணமும் எழுவது அவருக்கு வியப்பாக இல்லை. பச்சைக் காபிக்கொட்டையில் காபி மணம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

சுவையில் முதலில் இனிப்பு, நடுவில் வறுவலின் கசப்பு, முடிவில் ஹாப்ஸின் கசப்பு. இரண்டு கசப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் தந்தது 40.

பிறகு உள்வீட்டுப் பாட்டில். மூடியைத் திறந்தபோது எழுந்த ஒலியில் குறைவில்லை. நுரை எழுந்தது, ஆனால் நான் குறிப்பு எழுதி நிமிர்வதற்குள் ஓரத்து வளையமாக ஒடுங்கிவிட்டது. மணத்தில் திராட்சையும் பேரீச்சையும் முன்னால் வந்து நின்றன. காபி பின்னால் போய்விட்டது, மூடி வைக்காத டப்பாவில் ஒரு மாதம் இருந்த காபித்தூளைப்போல. அந்தப் பழ மணத்துக்கு அடியில் ஏதோ ஒன்று. நான் பெயர் தேடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் தாளில் எழுதிவிட்டார்: பத்தாம் எண் கிண்ணம் என்று மட்டும். அது சோயா. மறுபடி முகர்ந்தேன், ஆமாம். உப்பும் இறைச்சிச் சாறும் கலந்தாற்போன்ற ஒரு சாயல். வெப்பத்தில் பாட்டிலடி ஈஸ்ட் செத்துச் சிதைந்து தன்னுள் இருந்ததைப் பீரில் கலக்கும்போது வருவது அது. காபி அண்ணன் நனைந்த அட்டையையும் எழுதினார். எனக்கு அது எட்டவில்லை. ஆனால் அவர் வெள்ளிக்கிழமைக் கிண்ணங்களில் ஒருமுறையும் தவறாதவர் என்பதால் அவர் குறிப்பை நான் மதிக்கிறேன்.

வாயில் கனம் அப்படியே இருந்தது. முடிவுக் கசப்பு மழுங்கி, இனிப்பு தனியாக நாக்கில் தேங்கியது. நான் தந்தது 31: மணத்தில் மூன்று, தோற்றத்தில் ஒன்று, சுவையில் நான்கு, ஒட்டுமொத்தத்தில் ஒன்று குறைந்தது, வாயுணர்வில் ஒன்றும் குறையவில்லை.

நால்வரின் சராசரி: ஃபிரிட்ஜ் பாட்டில் 39, உள்வீட்டுப் பாட்டில் 30.5. நடுவர்களின் மதிப்பெண்கள் ஏழு புள்ளிக்குள் அடங்க வேண்டும் என்பது வழக்கம். எங்களுடையது ஆறுக்குள் அடங்கியது. அந்த முறையின் படிநிலைகளில் 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு, 30 முதல் 37 வரை மிக நன்று. ஆக, உள்வீட்டுப் பாட்டில் கெட்டுப்போகவில்லை. இதை அத்தான் பொருட்டு அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் அந்த வெப்பத்தில் கிடந்தும் 30.5 வாங்கும் பீர் எளிய பொருள் அல்ல; கவசம் உண்மையானது. ஆனால் மெருகேறவில்லை. இழந்தது எட்டரைப் புள்ளி. அந்த எட்டரையில்தான் அதைக் காய்ச்சியவரின் உழைப்பு முழுவதும் இருந்தது.

அத்தானின் தாளைப் பார்த்தபோது ஒரு விவாதம் கிளம்பியது. ஃபிரிட்ஜுக்கு 37, உள்வீட்டுக்கு 34. "எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பழ வாசனை நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் குறைத்துப் போட வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது: பிடித்ததைக் குறைக்க வேண்டாம், அந்தப் பழ மணத்துக்கு உரிய புள்ளியைக் கொடுங்கள். ஆனால் இந்த வகையில் வறுவல் முன்னால் நிற்க வேண்டும், கசப்பு இனிப்பைத் தாங்க வேண்டும். அவை எங்கே போயின என்பதையும் எழுதுங்கள். அத்தான் 34-ஐ மாற்றவில்லை. மாற்றச் சொல்லவும் கூடாது. தாளின் ஓரத்தில் மட்டும், "கசப்பு போய்விட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இலங்கையின் லயன் ஸ்டவுட்டைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. 8.8 சதவீதம், வெப்பநாட்டு ஸ்டவுட் என்ற வகைக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. கொழும்பில் வட்டித் தொழில் செய்த குடும்பங்களின் வீடுகளில் அந்தப் பெயர் புதிதில்லை. வெப்பநாட்டில் ஸ்டவுட் வாழாது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்கு அதுவே சான்று. அது அங்கேயே காய்ச்சி, அங்கேயே சீக்கிரம் அருந்தப்படுவது. யாரும் அதை ஆறு மாதம் சுவரோரம் நிறுத்தி வைத்து மெருகுக்குக் காத்திருப்பதில்லை.

மாஸ்டர் மீந்த உள்வீட்டு ஸ்டவுட்டில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய், வெங்காயம் வதக்கி ஆட்டுக்கறிக்கு ஊற்றிச் சுண்டவைத்தார். சுண்டச் சுண்டக் கசப்பு ஏறியது. கருப்பட்டி ஒரு துண்டு போட்டதும் சரியானது. கறி அருமையாக இருந்தது என்றாலும் ஸ்டவுட்டின் பங்கு அதில் என்ன என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சின்ன வெங்காயமும் கல்பாசியும் எல்லாவற்றையும் மூடிவிட்டன.

வரும் டிசம்பரில் மறுபடி ஆறு பாட்டில். இந்த முறை மூன்று இடம்: ஃபிரிட்ஜில் இரண்டு, உள்வீட்டில் இரண்டு, ஈர மணல் நிரப்பிய மண் தொட்டிக்குள் புதைத்து உள்வீட்டில் இரண்டு. நீர் ஆவியாகும்போது மணல் எவ்வளவு குளிரும் என்று பார்க்க, வெறும் தொட்டியை நேற்றே வைத்து வெப்பமானியைச் சொருகிவிட்டேன். இன்று காலை அறை 30, மணல் 27. ஆச்சி நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டிருக்கிறார்.